கிராஞ்சியில் பெயர் தேடப் போகிறவர்களுக்கு

கேள்வி: எங்கள் சின்னத் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவர். 1942-க்குப் பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஆச்சியை அழைத்துக்கொண்டு போகும்போது கிராஞ்சி போர்க் கல்லறைக்கும் போக ஆசை. டூர் கைடு வைத்துக்கொண்டால் அவரே இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டிவிடுவாரா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பெயர் செதுக்கியிருக்கும் தூணின் எண்ணை நீங்கள் கையில் கொடுத்தால் காட்டுவார். கொடுக்காவிட்டால் சிரமம்தான். கிராஞ்சி நினைவகத் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன; உடல் கிடைக்காதவர்கள், கல்லறை தெரியாதவர்கள் எல்லோரும் அங்கேதான். பெரும்பாலான இந்திய வீரர்களும் அப்படித்தான். ஆகவே புல்வெளியில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களுக்கு இடையில் ஆச்சியை வெயிலில் நடக்கவிட்டுத் தேடாதீர்கள். எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்குப் பெரிய நினைவகத்தின் பின்புறம் தனி நினைவிடம் உண்டு. அவசரமாகச் சுற்றும் குழுக்கள் அதை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடக் கூடும். 'பின்புறமும் கூட்டிப் போவீர்களா?' என்று கைடிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தேடல் வேலையை ஊரிலேயே முடியுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். படை எண் இருந்தால் நேராகக் கிடைத்துவிடும். பழைய பென்ஷன் காகிதம், பட்டாளத்துக் கடிதம் எதையும் விடாமல் புரட்டுங்கள். எண் இல்லையென்றால் சிக்கல் எழுத்துக்கூட்டில்தான். இனிஷியலை விட்டுவிட்டு, குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் அவருடைய பெயரையே போடுங்கள். இசக்கிமுத்து என்ற பெயரை ஆங்கிலத்தில் 'E'-யில் தொடங்கியும் எழுதியிருப்பார்கள், 'I'-யில் தொடங்கியும் எழுதியிருப்பார்கள். ஒரே சொல்லாகவோ இரண்டாகப் பிரித்தோ இருக்கும். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு. மாவட்டத்தின் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில், 'டின்னவெல்லி' என்று தேடிப் பாருங்கள்.

பதிவு கிடைத்ததும் படைப்பிரிவு, பதவி, இறந்த தேதி, தூண் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கைடுக்கு அனுப்புங்கள். பெயர்கள் முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் ஆங்கில அகரவரிசை என்ற முறையில் செதுக்கப்பட்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் பெயரைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகாது. இறந்த தேதியும் முக்கியம். சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. அதற்கு முந்தைய தேதி என்றால் அநேகமாகச் சண்டையில்; பிந்தையது என்றால் பெரும்பாலும் போர்க் கைதியாக. நல்ல கைடு அந்தத் தேதியையும் படைப்பிரிவையும் வைத்தே எந்தப் போர்முனை என்று விளக்குவார். சிங்கப்பூரில் கைடு வேலைக்கு அரசு உரிமம் கட்டாயம். உரிமம் உள்ளவரையே அமர்த்துங்கள்.

நினைவகம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. கிராஞ்சி எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடக்கலாம், ஆனால் ஆச்சிக்கு டாக்ஸிதான் சரி. மேட்டில் படி ஏறாமல் போகும் வழியைக் கைடிடம் கேட்டு வையுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். நவம்பரில் நினைவு ஞாயிறும் ஏப்ரல் 25-ம் அங்கே அஞ்சலி நடக்கும் நாட்கள். கூட்டம் வேண்டாம் என்றால் அவற்றைத் தவிருங்கள்.

பூச்சரத்தை அங்கே லிட்டில் இந்தியாவில் வாங்கி, பெயர் உள்ள தூணின் அடியில் வையுங்கள். எண்ணெய், சந்தனம், குங்குமம் கல்லில் படவே கூடாது. கல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், கறை போகாது. சூடம் ஏற்றினால் கரி படியும். தாமிரபரணித் தண்ணீர் கொண்டுபோவதானால் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் வையுங்கள். ஊர் மண் வேண்டாம், சுங்கத்தில் சிக்கல் வரும்.

கேள்வி: தேடியும் பெயர் இல்லையென்றால்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பர்மா முனையில் இறந்தவர் என்றால் யாங்கூனுக்கு வடக்கே தாவுக்யான் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் பெயர் இருக்கக் கூடும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களையும், சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களையும் ஆணையத்தின் பதிவில் தேடிப் பயனில்லை. படைப்பிரிவு தெரிந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பார்க்க இப்படி ஓர் இடம் பக்கத்தில் உண்டா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952-ல் அமைத்தார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து ஆட்டோ.