ஒரே ஒரு டார்பிடோவுல கப்பல் மூழ்குமா?

அன்புள்ள சார்,
தைஹோங்கற ஜப்பான் விமானந்தாங்கிக் கப்பல் ஒரே டார்பிடோவுல மூழ்கிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. ஏறக்குறைய 30,000 டன், புத்தம் புதுசு, மேல் தளத்துல கவசம் வேற. எங்கயோ இடிக்குதே சார்?
– கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

நியாயமான கேள்வி, நான்தான் அவசரத்துல ஒரு வரியில முடிச்சுட்டேன். டார்பிடோ பட்டது ஒண்ணுதான், ஆனா கப்பலைக் கொன்னது பெட்ரோல் ஆவி.

1944 ஜூன் 19, பிலிப்பைன் கடல் சண்டை. காலையில தைஹோவுல இருந்து விமானங்க கிளம்பிக்கிட்டு இருக்கறப்ப அல்பகோர்ங்கற அமெரிக்க நீர்மூழ்கி ஆறு டார்பிடோ விட்டுச்சு. அப்பதான் மேல ஏறியிருந்த கொமாட்சுங்கற பைலட் அதைப் பாத்துட்டு, விமானத்தோட ஒரு டார்பிடோ மேலயே பாய்ஞ்சு செத்துப்போனார். ஆனா இன்னொன்னு வலப்பக்கம் வந்து இடிச்சுடுச்சு. கப்பல் அசரலைங்க. விமானங்களைக் கீழ்த்தளத்துல இருந்து மேல தூக்கிட்டு வர்ற முன்பக்க லிஃப்ட் மட்டும் நடுவுல சிக்கிக்கிச்சு, மேல் தளத்துல ஒரு குழி விழுந்துடுச்சு; சாப்பாட்டு ஹால் மேசை பெஞ்சையெல்லாம் தூக்கிட்டு வந்து அந்தக் குழியை மூடி திரும்ப விமானம் விட ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தக் குழிக்கு அடியிலதான் வினையே. டேங்க் விரிசல் விட்டு தண்ணியும் பெட்ரோலும் கலந்து நிக்குது, ஆவி கிளம்புது, மேல போக இருந்த வழியையும் அடைச்சாச்சு. வாடை தாங்காம ஒரு அதிகாரி, எல்லா ஃபேனையும் போடுங்க காத்து வெளிய போகட்டும்னு சொல்லிட்டார். வெளிய எங்க போச்சு, கப்பல் பூரா பரவிடுச்சு. வீட்ல கேஸ் வாடை அடிச்சா எங்க பாட்டி சுவிட்ச தொடாதேன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாங்க, எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆனா அவரை மட்டும் குத்தம் சொல்றதும் சரியில்லை, கப்பல் சேவைக்கு வந்தே மூணரை மாசம்தான், ஆளுங்களுக்குப் பழக்கமே இல்லை.

ஆறு மணி நேரம் கழிச்சு, மதியம் ரெண்டரை வாக்குல வெடிச்சுது. கவசத் தளமே புடைச்சு எழும்பிடுச்சு. மேல இருந்து விழற குண்டுக்குப் போட்ட கவசம் அது, உள்ள இருந்து வெடிச்சா என்ன பண்ணும்? சாயங்காலத்துக்குள்ள கப்பல் போச்சு.

அல்பகோர் கேப்டன் பிளாஞ்சர்டுக்கு இது எதுவும் தெரியாது. குறி கணக்குப் போடற மெஷின் கடைசி நேரத்துல மக்கர் பண்ணி, கண் மதிப்புல சுட்டுட்டு நொந்துக்கிட்டே போனார். விஷயம் அமெரிக்காவுக்குத் தெரியவே பல மாசம் ஆச்சு. ஒண்ணு பட்டா இவ்ளோ பெரிய கப்பல் எங்க மூழ்கப்போகுதுன்னுதான் அவரும் நெனச்சிருந்தார், உங்களை மாதிரியே.