ஓக் கழலைக் குளவிகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: மாசிக்காய் உண்மையில் காய்தானா?

இல்லை. ஓக் மரத்தின் மொட்டில் சின்னஞ்சிறு குளவி ஒன்று முட்டையிடுகிறது. புழு வளர வளர மரத்தின் திசுவே அதைச் சுற்றிப் புடைத்து உருண்டையாகிறது. இதைத்தான் கழலை என்கிறோம். புழுவுக்கு அதுவே வீடு, அதுவே உணவு.

கேள்வி: ஜாடியில் வைத்திருந்த கழலையிலிருந்து பச்சையாக மின்னும் பூச்சி வந்தது. கழலையை உண்டாக்கியது இதுதானே?

இல்லை. கழலையை உண்டாக்கும் வீட்டுக்காரி சினிப்பிடே குடும்பத்தின் சினிப்பினி பிரிவைச் சேர்ந்தவள். கறுப்பு அல்லது பழுப்பு நிறம், கூன் விழுந்த முதுகு. அவளோடு ஒண்டுக்குடியாகச் சினெர்கஸ் குளவிகளும் வளரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாகக் கழலை உண்டாக்கத் தெரியாது. நீங்கள் பார்த்தது மூன்றாவது கூட்டம், ஒட்டுண்ணிக் குளவி. வால்போல் நீண்ட ஊசி இருந்திருந்தால் அநேகமாக டோரிமஸ் வகை. அந்த ஊசியைக் கழலைச் சுவருக்குள் இறக்கி உள்ளிருக்கும் புழுவின் மேல் முட்டையிடும்.

இதைவிட வியப்பானது 2017இல் பெயரிடப்பட்ட யூடெரஸ் செட் என்ற ஒட்டுண்ணிக் குளவி. புளோரிடாவில் பஸ்ஸெட்டியா பல்லிடா என்ற குளவி ஓக் தண்டுக்குள் வளர்கிறது. யூடெரஸ் தாக்கிய குளவி வெளியேறும் துளையைத் தேவைக்குச் சிறிதாகவே கடிக்கிறது. அதில் அதன் தலை அடைப்புபோல் சிக்கிக்கொள்கிறது. உள்ளேயிருந்து அதைத் தின்று முடித்த யூடெரஸ், அந்தத் தலையைத் துளைத்து வெளியே வருகிறது.

கழலையை வெட்டிப் பார்க்காதீர்கள். மரத்தின் பெயரையும் பறித்த தேதியையும் எழுதி, ஜாடியில் போட்டுக் காத்திருங்கள்.

கேள்வி: இது கொட்டுமா?

கொட்டாது.

கேள்வி: மரம் பட்டுப்போகுமா? மருந்து அடிக்கலாமா?

பொதுவாக மரத்துக்கு ஆபத்தில்லை. மருந்து வேண்டாம்.

கேள்வி: பயோரைசா பல்லிடா என்ற கழலைக் குளவி மொட்டிலும் கழலை உண்டாக்கும், வேரிலும் உண்டாக்கும் என்கிறார்கள். வடிவம் வேறு, குளவியும் வேறு. இரண்டு இனம் என்பதுதானே நியாயம்?

நியாயமாகத் தோன்றும், பழைய அறிஞர்களும் அப்படித்தான் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால் கதை மாறும். குளிர்காலத்தில் வேர்க் கழலையிலிருந்து சிறகில்லாத பெண் குளவி வெளிவந்து, தண்டில் ஏறி மொட்டில் முட்டையிடுகிறது. வசந்தத்தில் அங்கே ஓக் ஆப்பிள் எனப்படும் பஞ்சுபோன்ற கழலை வளர்கிறது. அதிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து கூடுகின்றன. அந்தப் பெண் மண்ணுக்குள் இறங்கி வேரில் முட்டையிடுகிறது. பாட்டியைப்போல் பேத்தி, தாயைப்போல் மகள் இல்லை.

கேள்வி: இது உங்கள் ஊகம். வேர்க் கழலையில் ஆணே இல்லையென்றால் அது தனி இனம்தான்.

ஊகம் இல்லை. ஹெர்மன் ஆட்லர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தொட்டியில் வளர்த்த ஓக் கன்றுகளில் குளவிகளை முட்டையிட விட்டு, அடுத்து எந்தக் கழலை வருகிறது என்று பார்த்து, 1881இல் வெளியிட்டார். ஆண் இல்லாதது அந்தத் தலைமுறையில் மட்டும். ஆண்ட்ரிகஸ் கொல்லாரி என்ற குளவியையே பாருங்கள்: ஒரு தலைமுறைக்குக் கோலிக்குண்டுபோன்ற கழலை, மறு தலைமுறைக்குத் துருக்கி ஓக் மொட்டில் எறும்புக் கூட்டுப்புழு அளவே உள்ள கழலை. சிர்குலான்ஸ் என்று அதற்குத் தனிப் பெயரே இருந்தது. இனம் ஒன்றென்று தெரிந்தபின் மூத்த பெயரான கொல்லாரிதான் நிற்கிறது.

கேள்வி: வெட்டிப் பார்த்தால் எந்த இனம் என்று சொல்வீர்களா?

மேலே சொல்லிவிட்டேன், வெட்டாதீர்கள். எந்த ஓக், மொட்டிலா இலையிலா வேரிலா, எந்தத் தேதி: இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.