விடுமுறைக்குக் குயில்ட் தைக்கிறீர்களா? துணி வாங்குவதற்கு முன்

குளிர்கால விடுமுறை நெருங்கும்போது, மூடி வைத்திருந்த தையல் இயந்திரத்தைத் திறப்பவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை பெரும்பாலானவை குயில்ட் பற்றியவை. மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் குயில்ட். கடையில் கண்ணைப் பறிப்பது மேல்துணி. ஆனால் செலவையும் போர்வையின் ஆயுளையும் பெருமளவு தீர்மானிப்பவை வெளியே தெரியாத மற்ற இரண்டும்தான். அதனால் பதில்களில் அவற்றுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: முதன்முறையாக 50 × 60 அங்குலத்தில் ஒரு குயில்ட் தைக்க ஆசை. இணையத்தில் ஒரு கிட் பார்த்தேன். படத்தில் முழுப் போர்வையும் இருக்கிறது. அதை மட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது. குயில்ட் கிட் என்று விற்பவற்றில் பொதுவாக இருப்பவை மேல்துணிக்கான துணிகளும், ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் பட்டித் துணியும்தான். அடித்துணி, பஞ்சு அடுக்கு, நூல் ஆகியவற்றை நீங்களே தனியாக வாங்க வேண்டும். சில கிட்களில் தைக்கும் முறையை விளக்கும் தாள்கூட இருக்காது. எனவே படத்தை விட்டுவிட்டு, ‘இதில் அடங்கியவை’ என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். அங்கே எழுதாத எதுவும் பெட்டிக்குள் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விடுபட்டவற்றுக்கு எவ்வளவு துணி ஆகும் என்று பார்ப்போம். தைக்கும்போது அடுக்குகள் சற்று நகரும். அதனால் அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது. உங்கள் அளவுக்கு 58 × 68 அங்குலம் வேண்டும். குயில்ட்டுக்கான பருத்தித் துணி வழக்கமாக 42 முதல் 44 அங்குல அகலத்தில் வருகிறது. இரு கரைகளையும் வெட்டினால் சுமார் 40 அங்குலம் மிஞ்சும். ஆக, இரண்டு துண்டுகளை இணைத்தே தீர வேண்டும்.

இணைப்பு நீளவாக்கில் வந்தால் 68 அங்குலத் துண்டுகள் இரண்டு தேவை. அது ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இணைப்பைக் குறுக்கே கொண்டுவந்தால் 58 அங்குலத் துண்டுகள் இரண்டு போதும், மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும். முதுகுப் பக்கத்தில் இணைப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அதற்காக அரை மீட்டர் துணியை வீணாக்க வேண்டாம். துணியில் ஒரே திசையைப் பார்க்கும் படங்கள் இருந்தால் மட்டும் இந்த வழி பொருந்தாது.

அடித்துணிக்கென்றே 108 அங்குல அகலத்திலும் துணி கிடைக்கிறது. அதில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் இணைப்பே வேண்டாம். மீட்டர் விலையைப் பார்த்து மிரளாமல், ஒன்றரையால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பஞ்சு அடுக்கு, பேட்டிங் அல்லது வாடிங் என்ற பெயரில் குறிப்பிட்ட அளவுகளில் மடித்து விற்கப்படும். 60 × 60 அங்குலப் பொட்டலம் உங்களுக்கு எட்டாது. அடுத்து வழக்கமாகக் கிடைப்பது 72 × 90. அதை வாங்கினால் நல்ல அகலமான ஒரு துண்டு மிஞ்சும். கோப்பை விரிப்பு, சிறு பை போன்றவற்றுக்கு அது உதவும் என்பதால் வீண் என்று நினைக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே அளவில் வெட்டி அடுக்கி விற்கும் சார்ம் பேக், ஜெல்லி ரோல் போன்றவை மிக அழகாக இருக்கின்றன. மீட்டர் கணக்கில் வாங்குவதோடு ஒப்பிட்டால் விலை நியாயமா?

பதில்: விலையை மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள், விடை தானாகத் தெரிந்துவிடும். ஜெல்லி ரோல் என்பது துணியின் முழு அகலத்துக்கு, இரண்டரை அங்குல உயரத்தில் வெட்டிய பட்டிகள். 40 பட்டிகள் இருந்தால் 100 அங்குலம், அதாவது இரண்டரை மீட்டரைச் சற்றே தாண்டும். சார்ம் பேக் என்பது 5 அங்குலச் சதுரங்கள். 42 சதுரங்கள் கொண்ட ஒரு பேக்கை முக்கால் மீட்டர் சொச்சத் துணியிலிருந்து வெட்டிவிடலாம். கால் அங்குலத் தையல் விட்டு எல்லாவற்றையும் இணைத்தால் 27 × 31½ அங்குலம்தான் வரும். மடியில் போட்டுக்கொள்ளும் போர்வைக்குக்கூட ஒரு பேக் காணாது.

கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரண்டு வசதிகளுக்கானது. ஒன்று, வெட்டும் வேலை மிச்சம். மற்றொன்று, ஒன்றோடொன்று இசையும் பல வடிவங்களை ஒவ்வொன்றிலும் கால் மீட்டர் வாங்காமலேயே பெறலாம். பல நிறங்கள் வேண்டும், நேரம் குறைவு என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒரே நிறத்தில் உள்ள ஜெல்லி ரோலுக்கு மட்டும் நான் பணம் கொடுக்க மாட்டேன். அதே துணியை மீட்டரில் வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

மேலும் சில எச்சரிக்கைகள். பேக்கில் எத்தனை துண்டுகள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பாதி எண்ணிக்கையில் சிறு பேக்குகளும் விற்கிறார்கள். அதனால் எண்ணைப் பார்க்காமல் விலையை ஒப்பிடக் கூடாது. ஓரம் பல்பல்லாக வெட்டப்பட்டிருந்தால், 5 அங்குலம் என்பது பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்று தைப்பதற்கு முன் அளந்து பாருங்கள். வெட்டிய துண்டுகளைத் தைப்பதற்கு முன் துவைக்கவே வேண்டாம். நூல் பிரிந்து, சுருங்கி, அளவு கெட்டுவிடும்.

ஃபேட் குவார்ட்டர் என்பதும் கால் மீட்டர் துணிதான். நீளமான பட்டையாக இல்லாமல் ஏறத்தாழ 50 × 55 சென்டிமீட்டர் துண்டாக இருக்கும். சிறு பைகள், மேசை விரிப்புகள் தைப்பவர்களுக்கு இதுதான் வசதியான வடிவம்.

கேள்வி: பஞ்சு அடுக்கில் பருத்தி, பாலியஸ்டர், கலப்பு எனப் பல வகைகள் இருக்கின்றன. விலை உயர்ந்தது எதுவோ அதை வாங்கிவிடலாமா?

பதில்: விலையைப் பார்த்து வாங்காதீர்கள், பயனைப் பார்த்து வாங்குங்கள். பருத்தி தட்டையாகப் படியும், உடலோடு ஒட்டிக் கிடக்கும். முதல் துவைப்பில் சுமார் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவதால் தையல்களுக்கிடையே துணி இலேசாகச் சுருக்கம் கொள்ளும். பழைய போர்வையின் தோற்றம் பிடித்தவர்கள் இதற்காகவே பருத்தியைத் தேடுகிறார்கள். பாலியஸ்டர் எடை குறைவு, உப்பலாக நிற்கும், சுருங்காது, சீக்கிரம் உலரும். மட்டமான ரகமாக இருந்தால் அதன் இழைகள் துணியின் வழியே வெளியே நீட்டிக்கொண்டு வரும். கறுப்பு, கருநீலத் துணிகளில் இது கண்ணை உறுத்தும். கம்பளி வெதுவெதுப்பானது, ஆனால் எப்படித் துவைப்பது என்பதைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியஸ்டரும் கலந்தது எனக்குத் திருப்தியான தேர்வு.

எந்த வகையானாலும் உறையில் ஓர் எண்ணைத் தேடுங்கள். ஒரு தையல் வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்பதைத் தயாரிப்பாளர் அங்கே குறிப்பிட்டிருப்பார். சிலவற்றுக்கு 3 அல்லது 4 அங்குலம், சிலவற்றுக்கு 8 அல்லது 10 அங்குலம். 3 அங்குல இடைவெளி என்று எழுதிய பஞ்சை வாங்கிவிட்டு 8 அங்குலத்துக்கு ஒரு வரி தைத்தால், சில துவைப்புகளிலேயே உள்ளே பஞ்சு பிரிந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். அப்புறம் பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. விடுமுறை நாட்கள் குறைவு, நெருக்கமாகத் தைக்க நேரமில்லை என்பவர்களுக்குப் பஞ்சின் விலையைவிட இந்த எண்ணே முக்கியம். உறையில்லாமல் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தால், கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தையல் இயந்திரம் இருக்கிறது. வேறு எந்தக் கருவிகளை அவசியம் வாங்க வேண்டும்?

பதில்: சிறு வேலைகள் மட்டும் என்றால் நல்ல கத்தரிக்கோல், அளவுகோல், குண்டூசிகள் போதும். வட்ட அலகை உருட்டித் துணி வெட்டும் ரோட்டரி கட்டரை ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1979 இல்தான். அதற்கு முன் தைத்த அத்தனை குயில்ட்டுகளும் அது இல்லாமல் வெட்டப்பட்டவையே. பெரிய போர்வைக்கு இறங்கினால் 45 மி.மீ. கட்டர், 18 × 24 அங்குல வெட்டும் பாய், 6 × 24 அங்குலத் தடித்த அளவுகோல் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. பாயைச் சூட்டில் வைத்தால் நெளிந்துவிடும், மறுபடி நேராகாது. கட்டரின் அலகை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடிவிடுங்கள். அது தோலையும் துணியைப் போலவே வெட்டும்.

மூன்று அடுக்குகளையும் ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் (இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) நிச்சயம் தேவை. அதைப் பொருத்தும் தண்டின் உயரம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால், மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். முப்பது நாற்பது ஃபுட்கள் கொண்ட பெட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். மேல்துணித் துண்டுகளை இணைக்கும்போது 80/12 அளவு ஊசியும், மூன்றடுக்கைத் தைக்கும்போது 90/14 அளவு ஊசியும் போட்டால் சரியாக இருக்கும். கைத்தையலுக்கென்று மெருகேற்றிய நூல் மலிவாகக் கிடைத்தாலும் இயந்திரத்தில் போடாதீர்கள். அதன் பூச்சு உள்ளே படியும்.

கேள்வி: பரிசாகக் கொடுக்கச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியும், மைக்ரோவேவ் அடுப்பில் கிண்ணத்தோடு வைக்கும் உறையும் தைக்க நினைக்கிறேன். மிஞ்சிய பஞ்சையே பயன்படுத்தலாமா?

பதில்: மிஞ்சியது எந்தப் பஞ்சு என்பதைப் பொறுத்தது. இதில் தவறினால் தீப்புண் அல்லது தீவிபத்து, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

பாத்திரம் பிடிக்கும் துணிக்குப் பாலியஸ்டர் பஞ்சு ஆகாது. கடும் சூட்டில் அது இளகும். பருத்திப் பஞ்சை இரண்டு அடுக்காக வைக்கலாம், அல்லது ஓர் அடுக்குப் பருத்தியோடு சூட்டைத் திருப்பும் பளபளப்பான தனிப் பஞ்சு ஓர் அடுக்கு வைக்கலாம். ஈரமானால் சூடு சட்டென்று கைக்கு வந்துவிடும் என்பதையும் பரிசு பெறுபவரிடம் சொல்லுங்கள்.

சூட்டைத் திருப்பும் அந்தப் பஞ்சில் உலோகப் பூச்சு உண்டு. அதை மைக்ரோவேவுக்குள் வைத்தால் பொறி பறக்கும். கிண்ண உறைக்கு வெளித்துணி, பஞ்சு, நூல் மூன்றும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பிருக்கிறது. பருத்தி என்று விற்கும் பஞ்சு சிலவற்றில் இழைகளைப் பிடித்து வைக்க மெல்லிய செயற்கை வலை இருக்கும். விடுமுறைக் காலத்துக்கென்று அச்சிடும் துணிகள் பலவற்றில் பொன்னிற, வெள்ளி நிற உலோக மை இருக்கும். இரண்டும் மைக்ரோவேவுக்கு ஆகாது.

அனைத்தும் பருத்தியாகவே இருந்தாலும் அதிக நேரம் சூடாக்கினால் துணி கருகித் தீப்பிடிக்கும். என் கருத்து இதுதான்: கிண்ணத்தை மட்டும் சூடாக்கி, வெளியே எடுத்த பிறகு உறைக்குள் வைக்கும்படி ஒரு சிறு அட்டையில் எழுதி இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: தோழியின் மூன்று மாதக் குழந்தைக்குத் தொட்டில் போர்வை தைக்கலாமா?

பதில்: தையுங்கள், ஆனால் தொட்டிலுக்கு வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தூங்கும் குழந்தையின் அருகே தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. கண்காணிப்பில் தரையில் படுத்து விளையாடும் விரிப்பாகத் தைத்துக் கொடுங்கள். பொத்தான், மணி போன்ற எதையும் தைக்காதீர்கள்.

கேள்வி: சென்ற விடுமுறையில் தைத்த குயில்ட்டை முதன்முறை துவைத்ததும் சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் ஏறிவிட்டது. துணி விற்ற கடை, வெட்டிய துணிக்குப் பொறுப்பில்லை என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது மனம் மாறித் திருப்புபவர்களுக்கான நிபந்தனை. துணியிலேயே குறை என்பது வேறு விஷயம். விற்கும்போது சாயம் போகாது என்று சொன்னதோ எழுதியதோ இருந்தால் உங்கள் தரப்பு வலுவாகும். பில், விற்பனைப் பக்கத்தின் படம், துவைக்காத மிச்சத் துண்டு மூன்றையும் சேர்த்து எழுத்துமூலம் கேளுங்கள். தயாரிப்பாளரின் பெயர் துணியின் கரையில் அச்சிட்டிருக்கும், அவருக்கும் எழுதலாம். கரையைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், போர்வையை உலர விடாதீர்கள். உலர்ந்தால் கறை நிலைத்துவிடும். ஈரமாகவே, சோப்புத் தூள் கலந்த நிறைய வெந்நீரில் முழுக ஊற வைத்து, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அடுத்த முறை சிவப்பு, கருநீலம் வாங்கும்போது ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: மேல்துணியை மட்டும் தைத்துவிட்டு, மூன்றடுக்கையும் சேர்க்கும் வேலையை லாங் ஆர்ம் (நீண்ட கை கொண்ட குயில்ட் தையல்) இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுக்கலாமா?

பதில்: வீட்டு இயந்திரத்தின் கைக்குக் கீழே பெரிய போர்வையைச் சுருட்டித் திணிப்பது கடினம், ஆகவே கொடுப்பதில் தவறில்லை. கூலியைப் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் வாங்குகிறார்கள். 50 × 60 என்றால் 3,000 சதுர அங்குலம். நீளம், அகலம் இரண்டிலும் 10 அங்குலம் குறைத்து 40 × 50 ஆக்கினால் 2,000. மூன்றில் ஒரு பங்கு கூலி மிச்சம். குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, நூலுக்கும் பஞ்சுக்கும் தனியா, அவர்களிடமே பஞ்சு வாங்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

விடுமுறைக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து குவிப்பார்கள். திருப்பித் தரும் தேதியை எழுதிக் கொடுக்கத் தயங்கினால் முன்பணம் கட்டாதீர்கள். பரிசளிக்கும் நாள் நெருங்கிவிட்டிருந்தால், வாக்கிங் ஃபுட்டைப் பொருத்தி நீங்களே நேர்கோடுகளாகத் தைத்துவிடலாம்.