பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் குளம் பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. தண்ணீரைக் காய்ச்சி மாட்டுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம், காய்ச்சினாலும் கொடுக்காதீர்கள். ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. சாயம்போல் ஒட்டினால் அது நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரியாக இருக்க வாய்ப்பு அதிகம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பட்டால் அரிக்கும்.

இதில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைத் தயாரிக்கும். அது கல்லீரலைத் தாக்குவது. கொதிக்கும் தண்ணீரிலும் அழியாது. சூட்டில் செல்கள் உடைந்து உள்ளே இருந்ததும் வெளியே வந்துவிடும், அவ்வளவுதான். குடிநீரில் இந்த நஞ்சின் ஒரு வகையான மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் தண்ணீரில் இந்த நஞ்சு கலந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வயலில் இருந்து வடியும் உரமும் சாணமும் சாக்கடையும்தான் இதற்குத் தீனி. வெயிலும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் பெருகிவிடும். படலம் இரவில் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் விடிகாலையில் மீன் செத்து மிதக்கும்.

சரி, படலம் போகும்வரை மாட்டுக்கு? கிணறோ குழாயோதான். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் கிழக்குக் காற்று படலத்தை மேற்குக் கரையில் ஒதுக்கும், அங்கே நாயைக்கூட இறங்க விடாதீர்கள். அப்புறம், தென்னைக்கு வாங்கிய மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மிச்சமிருக்கிறதென்று குளத்தில் கொட்டிவிட வேண்டாம். செல்கள் மொத்தமாகச் செத்து, நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கும்.