எரிகோ மதில் விழவே இல்லையா?

கேள்வி: வேதம் சொல்வதுபோல யோசுவா காலத்தில் எரிகோ மதில் விழவில்லை என்று தொல்லியல் நிரூபித்துவிட்டதாக என் மகன் சொல்கிறான். அப்படியானால் பழைய ஏற்பாடு பொய்யா? அடுத்த மாதம் எருசலேம் போகிறோம். அங்கே கடையில் விற்கும் பழைய எபிரேய முத்திரையை நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. 1930-களில் எரிகோவைத் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், யோசுவா வீழ்த்திய மதில் கிடைத்துவிட்டது என்றார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த மதில் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தையது என்று காட்டினார். 1978-ல் அவர் இறந்த பிறகுதான் அந்த அகழாய்வின் அறிக்கைகள் பல அச்சுக்கு வந்தன. அறிக்கை வர இத்தனை வருஷம் ஆனால் வதந்திதானே முந்திக்கொள்ளும்?

ஆனால் ஊர் எப்போது எரிந்தது என்று மண் சொல்லும். யார், எதற்காக எரித்தார்கள் என்று அநேகமாகச் சொல்லாது. மோசேயின் காலத்துக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் இல்லைதான். கூடாரம் போட்டு அலைந்த மக்கள் கல்லிலா எழுதி வைப்பார்கள்?

அரசர்கள் காலத்துக்கு வந்தால் நிலைமை வேறு. கி.மு. 701-ல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்ததைப் பாருங்கள். யூதாவின் அரசன் எசேக்கியா 300 தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம் கட்டினான் என்கிறது 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம். சனகெரிப்பின் களிமண் பட்டயத்திலும் பொன் அதே 30தான். வெள்ளி மட்டும் 800. லாகீஸ் ஊரை அவன் பிடித்த காட்சி நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கப்பட்டது. அந்தச் சிற்பங்கள் இன்று லண்டனில் இருக்கின்றன. மதிலில் ஏற அவன் படை போட்ட சாய்வான மண்மேடு லாகீஸில் இன்னும் கிடக்கிறது. எசேக்கியாவையோ 'கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன்' என்கிறான். நகரத்தைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. ஒரே இரவில் 1,85,000 பேரைத் தேவதூதன் சங்கரித்ததாக வேதம் சொல்வதை மட்டும் எந்த மண்வெட்டியாலும் சோதிக்க முடியாது.

சரி, முத்திரை. வாங்காதீர்கள். சாலொமோன் ஆலயத்துப் பொருள் என்று நம்பி, இஸ்ரேல் அருங்காட்சியகமே 1988-ல் ஒரு தந்த மாதுளைக்கு ஐந்தரை லட்சம் டாலர் கொடுத்தது; அதிலிருந்த எழுத்து போலி என்று 2004-ல் நிபுணர் குழு சொன்னது. வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் வைத்திருந்த 16 சாக்கடல் சுருள் (சாக்கடல் அருகே கிடைத்த பழைய எபிரேயக் கையெழுத்துப் பிரதிகள்) துண்டுகளும் போலி என்று 2020-ல் தெரிந்தது. அவர்களே ஏமாந்தார்கள், கடை விளக்கு வெளிச்சத்தில் நீங்கள் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? லைசென்ஸ் இருக்கிறது, சான்றிதழ் தருகிறேன் என்பார்கள். விற்றுப்போன பொருளின் பதிவு எண்ணை அடுத்த பொருளுக்கு மாட்டிவிடுவது அந்தத் தொழிலில் பழைய வித்தை. இஸ்ரேலின் தொல்பொருள் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது, கடைகளை மட்டும் மூடவில்லை! பொருள் அசலாகவே இருந்தாலும், திருட்டுத்தனமாகத் தோண்டியெடுத்ததாக இருக்கலாம். எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத முத்திரையால் யாருக்கும் பிரயோஜனமில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுவர ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். வழிகாட்டி 'தெரிந்த கடை' என்று கூட்டிப்போனால் கமிஷன் யாருக்கு என்று யோசியுங்கள்.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு எருசலேமில் உள்ள எசேக்கியாவின் நீர்ச்சுரங்கத்துக்குப் போங்கள். பாறையைக் குடைந்து 533 மீட்டர். தண்ணீர் இன்னும் ஓடுகிறது. நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.