முதுகுத் தசை தலையில் உயிர் பிடிக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு உச்சந்தலையில் புற்றுநோய்க் கட்டி. அதை எடுத்துவிட்டு முதுகுத் தசையைக் கொண்டுவந்து வைக்கப் போகிறார்களாம். தொடைத்தோலை மட்டும் ஒட்டினால் போதாதா? தசை அங்கே பிழைக்குமா?

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல வருடமாக நர்ஸ் வேலை. இந்த மாதிரித் தசையை ராத்திரி முழுக்கக் காவல் காத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஒட்டும் தோல் பிடிக்க அடியில் ரத்த ஓட்டம் வேண்டும். கட்டியோடு எலும்பை மூடிய சவ்வும் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் மண்டையோடு. அதில் தோல் ஒட்டாது. அதனால்தான் முதுகின் அகலமான தசையை அதன் தமனி, சிரையோடு எடுக்கிறார்கள். வார்டில் ‘எல்டி ஃப்ளாப்’ என்போம். காதுக்கு முன்னாலோ கழுத்திலோ உள்ள ரத்தக்குழாயோடு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். தொடைத்தோல் அந்தத் தசைக்கு மேலே வரும்.

பிழைக்குமா? அனுபவமுள்ள இடங்களில் 100-க்கு 95 பிழைத்துவிடும். முதல் இரண்டு நாள்தான் கண்டம். மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒட்டிய தோலில் வலை மாதிரி ஓட்டைகள் இருக்கும், அது வழியே தசை நல்ல சிவப்பாகத் தெரிய வேண்டும். ஊசி நுனி பட்டால் செக்கச்செவேலென்று ஒரு துளி வர வேண்டும். வெளுத்துப் போய்த் துளியே வரவில்லையென்றால் தமனியில் அடைப்பு. நாவற்பழ நிறத்தில் உப்பினால் சிரையில் கோளாறு. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் தோல் அளவுக்குத் தசை ரத்தமில்லாமல் தாங்காது.

ஒரு பெரியவருக்கு இரண்டாம் நாள் சாயங்காலம் தசை கறுக்க ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பேப்பர் படிக்க மகள் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறாள். கண்ணாடிக் கம்பி காதோரச் சிரையை அமுக்கியிருந்தது. கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் சிவப்பு திரும்பியது. பாவம், அந்தப் பெண் அழுதே விட்டாள். அதனால் கண்ணாடி, தலைக்கட்டு, அந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது, எதையும் கேட்காமல் செய்யாதீர்கள்.

கட்டைப் பிரித்ததும் தலை மேடாகத் தெரியும். பயப்படாதீர்கள், நரம்பு இணைக்காத தசை என்பதால் சில மாதங்களில் தானே மெலிந்து படியும். முதுகில் நீர் கோக்கும், அதற்குத்தான் டியூப் வைப்பார்கள். சாப்பிட, சட்டை போடக் கையில் பெரிய குறை தெரியாது. இழுக்கிற, ஏறுகிற பலம் கொஞ்சம் குறையும். அப்பா மரம் ஏறுபவர், மூட்டை இழுப்பவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.