டார்வினின் மரணப் படுக்கை

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். டார்வின் மரணப் படுக்கையில் தம் பரிணாமக் கொள்கையைக் கைவிட்டு மனந்திரும்பினார் என்று சொன்னபோது, ஒரு மாணவன் எழுந்து, 'அது கட்டுக்கதை' என்றான். நன்மை பயக்குமானால் பொய்ம்மையும் வாய்மைதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

பதில்: 'புரைதீர்ந்த நன்மை' என்றார் வள்ளுவர், அதாவது, குற்றம் நீங்கிய நன்மை. உங்களுக்கு இடையூறான அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

மாணவன் சொன்னதே சரி. டார்வின் இறந்தது 1882-இல். லேடி ஹோப் என்ற நற்செய்தியாளர் சொன்ன அந்தக் கதை அமெரிக்க பாப்டிஸ்ட் பத்திரிகை ஒன்றில் அச்சேறியதோ 1915-இல். தந்தையின் இறுதி நேரத்தில் உடனிருந்த மகள் ஹென்ரியட்டா, 1922-இல் ஒரு கிறிஸ்தவ இதழிலேயே, அந்தப் பெண்மணி தந்தையின் நோய்க்காலம் எதிலும் அங்கே இருந்ததில்லை என்றும், தந்தை தம் அறிவியல் கருத்துகளை ஒருபோதும் திரும்பப் பெறவில்லை என்றும் எழுதினார். பரிணாமத்தை முழுமூச்சாக எதிர்க்கும் அமைப்புகளிலேயே சில, இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றன. அது உண்மையாகவே இருந்தாலும்தான் என்ன? ஒருவர் சாகும்போது மனம் மாறினார் என்பதற்காகப் பாறை அடுக்குகளில் உள்ள புதைபடிவங்கள் இடம் மாறிப் படுத்துக்கொள்வதில்லை.

இடையூறான சொல்லை விட்டுவிடும் பழக்கத்துக்கு வருகிறேன். டார்வினின் எழுத்திலும் அதையே செய்கிறார்கள். கண் இயற்கைத் தேர்வால், அதாவது, பயனுள்ள சிறு மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதால் உருவானது என்பது அபத்தம் என்று டார்வினே ஒப்புக்கொண்டதாக மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 1859-இல் வெளிவந்த அவருடைய நூலின் ஆறாம் அத்தியாயத்தில், அது அபத்தமாகத் தோன்றுகிறது என்ற வாக்கியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், மிக எளிய கண்ணுக்கும் முழுமையான கண்ணுக்கும் இடையே படிப்படியான நிலைகள் உண்டென்றும், ஒவ்வொரு நிலையும் அந்த உயிருக்குப் பயன்பட்டதென்றும் காட்ட முடிந்தால் அந்தத் தடை நிற்காது என்று அடுத்த வாக்கியத்திலேயே வாதத்தைத் தொடங்கிவிடுகிறார். முதல் வாக்கியத்தோடு கத்தரித்துக்கொள்பவர் நூலைப் படிக்காதவர் என்றால் அது அலட்சியம். படித்தவர் என்றால் பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைகளில் அதற்குத் தடை உண்டு. டார்வினுக்கு எதிராகச் சொன்னால் குற்றமில்லை என்று அந்தக் கற்பலகைகளில் எழுதியிருக்கவில்லை.

பரிணாமத்தை நீங்கள் ஏற்றே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே உறுதியான கிறிஸ்தவர் என்பதையும், 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் இக்கோட்பாடு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். 'உயிரியலாளர்களில் ஏறக்குறைய எல்லோரும் இதை ஏற்கிறார்கள். ஆதியாகமத்தை நான் புரிந்துகொண்ட விதத்தில் என்னால் ஏற்க முடியவில்லை' என்று நேராகச் சொல்லலாம். அதில் பொய் இல்லை.

டார்வினைப் பற்றி நீங்கள் சொன்னதைச் சரிபார்த்தவன், உயிர்த்தெழுதலைப் பற்றி நீங்கள் சொல்லும்போதும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பான். வரும் ஞாயிறு, பாடத்தைத் தொடங்குமுன், மற்றவர்களும் கேட்கும்படி அவனிடம், 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்லிவிடுங்கள்.